இங்கே யாரும் கத்துவதில்லை

நான் காரில் ஹாரன் அடிப்பதில்லை. டெக்ஸஸ் வந்த நாளிலிருந்து அடித்த ஞாபகமே இல்லை. சிக்னலில் முன்னால் நிற்பவர் பச்சை விழுந்தது தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேசாமல் இருப்பேன். அவராகவே கவனித்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். நானும் கையைத் தூக்கிக் காட்டுவேன். செய்தியில் வந்ததைப் படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி ஒரு ஆளை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் ஸ்ம்ருதியின் வழக்கறிஞர். தமிழிலேயே பேசலாம் என்றீர்கள், நன்றி. என் பக்கம் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். தேவையில்லை. உட்கார்ந்து பேசினால் தீராதது எதுவும் இல்லை என்று நம்புகிறவன் நான். ரெக்கார்டரை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வாஞ்சிநாதன். ஊர் தென்காசி. இப்போது டாலஸ் பக்கத்தில் காப்பெலில் வீடு. ஒரு பெரிய கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவில் மேனேஜராக இருக்கிறேன். டாலஸுக்கு வடக்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. அதை நடத்துவது நான். வாடகை வீடு, பழைய சோபா, பரதநாட்டிய டீச்சர், கிரீன் கார்டு சந்தேகம், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றையும் அங்கேதான் கேட்பார்கள்.

என் கைக்கு வருவதற்கு முன்னால் அது சந்தைக்கடையாக இருந்தது. ஒருமுறை ஒருவர் பொங்கலுக்கு வாழை இலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் அதன் கீழே சாதியைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர், தன்னோடு சண்டை போட்டவரின் ஆபீஸுக்கே எழுதி, விசாவில் தில்லுமுல்லு என்று கிளப்பிவிட்டார். அந்தக் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு போனது. குழுவை ஆரம்பித்தவர் நியூ ஜெர்சிக்கு மாறிப் போனபோது, "நீங்கதான் சரியான ஆளு, உங்களுக்குத்தான் கோவமே வராது" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்.

எனக்குக் கோபம் வரும். சத்தம் வராது, அவ்வளவுதான்.

யார் எது எழுதினாலும் முதலில் என்னிடம் வரும்படி செய்தேன். படித்துப் பார்த்து, சொல் தடித்திருந்தால் எழுதியவருக்கே திருப்பி அனுப்புவேன். 'கேவலம்' என்று இருந்தால் 'வருத்தமளிக்கிறது' என்று மாற்றச் சொல்வேன். 'ஏமாற்றுக்காரன்' என்பதை 'எனக்குத் திருப்தி இல்லை' என்று ஆக்குவேன். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். மற்ற ஊர்க் குழுக்களை நடத்துகிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு பொங்கல் விழாவில் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இனி ஷ்யாமளா ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். என் மகள் வான்மதி பிறந்தபோது விசா கிடைக்காமல் என் மாமியாரால் வர முடியவில்லை. ஷ்யாமளா ஆன்ட்டிதான் என் மனைவி எழிலரசிக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு வான்மதியையும் பகலில் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் குழந்தைகளை விட ஆரம்பித்தார்கள். டே கேர் என்று அவர் போர்டு போட்டதில்லை, லைசென்ஸும் வாங்கியதில்லை. தயிர்சாதம் ஊட்டி, தமிழில் கதை சொல்லித் தூங்க வைக்கும் இடம் இந்த ஊரில் வேறு எங்கே கிடைக்கும்? பின்பக்கம் நீச்சல் குளம் உண்டு. இங்கே பாதி வீடுகளில் அது இருக்கிறது.

இஸ்ரத் என்ற பெண் ஒரு மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். காயல்பட்டினத்துக்காரர், எங்கள் பக்கம்தான். தன் மகன் ஜைத்தை அவரும் ஷ்யாமளா ஆன்ட்டியிடம் விட்டிருந்தார், அவனுக்கு அப்போது மூன்று வயது. வசந்த காலத்தில் ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து அவர் பையனை அழைத்துப் போக வந்திருக்கிறார். வீட்டுக்குள் பையன் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் குளத்தில் குப்புறக் கிடக்கிறான். போட்ட உடையோடு குதித்துத் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் இஸ்ரத் குழுவுக்கு எழுதினார். அது எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'ஷ்யாமளாங்கிற இந்தப் பொம்பள ஒரு கொலைகாரி. ஸ்விம்மிங் பூல் கேட்டுக்குத் தாழ்ப்பாளே விழாது. எம்புள்ள தண்ணியில கெடந்தான், இவ உள்ள உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டு இருந்தா. இன்னும் அங்க புள்ளைய விடுறீங்களா? நாளைக்கு உங்க புள்ள சாவும், அப்ப வந்து அழுங்க.'

நீங்களே சொல்லுங்கள். அறுபது வயது அம்மாவைப் பெயர் சொல்லிக் கொலைகாரி என்கிறார். மற்றவர்களின் குழந்தைகள் சாகும் என்கிறார். இதோடு இன்னொன்றும் இருந்தது. ஒரு முஸ்லிம் பெண் ஒரு இந்து அம்மாவைப் பற்றி இப்படி எழுதினால் கீழே என்னென்ன வந்து விழும் என்று எனக்குத் தெரியும். இஸ்ரத்தைத்தான் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அவருடைய நன்மைக்காகவும்தான் நான் அதை நிறுத்தினேன்.

சும்மா நிறுத்திவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்து மாற்றி எழுதிக்கொடுத்தேன். 'நீச்சல் குளம் உள்ள வீடுகளில் குழந்தைகளை விடும் பெற்றோர், பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்துக் கேட்டறிவது நல்லது.' அனுப்பிவிட்டு நானே போன் செய்தேன்.

"இதுல அவ பேரு எங்கண்ணா? கேட்டு எங்க? எம்புள்ள எங்க?" என்றார்.

"விஷயம் உள்ள இருக்குல்ல, இஸ்ரத். டோனைத்தான் மாத்தியிருக்கேன்."

"எம்புள்ளைய நான் தண்ணிக்குள்ளேருந்து தூக்கியிருக்கேன். நீங்க சொல்லுங்க, அத எந்த டோன்ல சொல்லணும்?"

"இப்ப நீங்க அப்செட்டா இருக்கீங்க. ரெண்டு நாள் போகட்டும். அமைதியா எழுதுங்க, உடனே அப்ரூவ் பண்றேன்."

அவர் காத்திருக்கவில்லை. திரும்பத் திரும்ப எழுதினார். ஒவ்வொன்றும் முன்னதைவிடக் காரமாக வந்தது. என் பெயரையும் இழுத்தார். நாங்கள் பயன்படுத்தும் தளத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவரை அந்த நிலையில் வைத்துவிட்டால், அவர் எழுதுவது அவருடைய திரையில் மட்டும் தெரியும். வெளியே வந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். என்னிடம் வரும், நான் அனுமதித்தால் ஒழிய வேறு யார் கண்ணுக்கும் படாது. உறுப்பினர்களுக்குத் தனியாகச் செய்தியும் அனுப்ப முடியாது. சண்டை இல்லை, வெளியேற்றம் இல்லை, யாருக்கும் அவமானம் இல்லை. இஸ்ரத்தை அதில் வைத்தேன்.

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் எல்லாவற்றையும் படித்தேன். முதலில் கேட்டைப் பற்றி எழுதினார். பிறகு பதில் வராததைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 'யாருமே ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா' என்றார். 'ஜைத் எப்படி இருக்கான்னாவது கேளுங்க' என்றார். 'நாங்க உங்க ஆளு இல்லைங்கிறதாலயா' என்று ஒருநாள் கேட்டிருந்தார். அவருக்கு வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் குழுவில் வேறு யாருக்கும் வலிக்கவில்லை. குழு நடத்துகிறவன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றில், மாநில அரசின் குழந்தைகள் துறையில் புகார் கொடுத்திருப்பதாகவும், அந்த வாரம் ஆய்வுக்கு வருவார்கள் என்றும் எழுதியிருந்தார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது நியாயம் ஆகாது. ஷ்யாமளா ஆன்ட்டிக்குப் போன் செய்து இந்த மாதிரி ஒரு புகார் போயிருக்கிறது என்று தகவல் சொன்னேன். தகவல் மட்டும்தான். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

"நல்ல வேள சொன்னே வாஞ்சி. நீ நன்னா இருக்கணும்," என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் எந்தக் குழந்தையையும் ஏற்கவில்லை. உடம்பு சரியில்லை என்று பெற்றோரிடம் சொன்னாராம். அதிகாரி வந்து பார்த்தபோது வீட்டில் பொம்மைகூட வெளியே கிடக்கவில்லை. தான் தனியாக இருப்பவள், எப்போதாவது சொந்தக்காரர் குழந்தை வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் குழந்தைகள் வந்தார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, இந்தியன் மளிகைக் கடையில் நான் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இஸ்ரத் வேகமாக என் எதிரே வந்து நின்றார். ஜைத் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தன்னோடு வேலை பார்க்கும், குழுவிலும் இருக்கும் ஒரு பெண்ணிடம் தான் எழுதியதைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார். எந்தப் போஸ்ட், நான் பார்க்கவே இல்லையே என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்.

"எல்லாரும் பாத்துட்டுத்தான் பேசாம இருக்காங்கன்னு நெனச்சேன். ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்துப் பாத்து இவங்களுக்கெல்லாம் நெஞ்சே இல்லையான்னு அழுதேன். நீங்க யாருக்கும் காட்டவே இல்ல!"

"இஸ்ரத், கொஞ்சம் மெதுவாப் பேசலாமா? குழந்த பயப்படுறான்."

"எம்புள்ளையப் பத்தி நீ பேசாத. நீ மனுசனா? பொணம் விழுந்தாலும் அது ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாம விழுந்துச்சான்னு பாப்ப நீ!"

கடையே திரும்பிப் பார்த்தது. பில் போடும் பையன் கையை நிறுத்திவிட்டான். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. என்னை மேடையில் பார்த்தவர்கள். வெண்டைக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து எழிலரசியிடமும் சொல்லவில்லை.

ஜூலையில் ஸ்ம்ருதி எழுதினார். சான்டா கிளாராவிலிருந்து புதிதாக வந்தவர். வீட்டு விலை அங்கே கட்டுப்படியாகவில்லை, கணவர் மணியனுக்கு இங்கே மாற்றல். 'வணக்கம். எங்கள் மகள் ஆதிரைக்கு இரண்டரை வயது. தமிழ் பேசும் நல்ல டே கேர் காப்பெலில் யாராவது சொல்ல முடியுமா?' அழகாக எழுதியிருந்தார். உடனே வெளியிட்டேன். ஷ்யாமளா ஆன்ட்டி, ஷ்யாமளா ஆன்ட்டி என்று வரிசையாகப் பதில் வந்தது. இதயக் குறி போட்டார்கள். ஒருவர் போன் நம்பர் கொடுத்தார்.

மறுநாள் மதியம் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இஸ்ரத்தின் பதில் என்னிடம் வந்தது. அவருக்கு ஸ்ம்ருதியைத் தெரியாது. அவர் தோழிகள் வட்டம் வேறு. குழு வழியாக அல்லாமல் அவரால் அந்தப் பெண்ணை எட்ட முடியாது. நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று தெரியும். முழுதாகச் சொல்கிறேன்.

'அன்புச் சகோதரி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மார்ச் மாதம் அந்த வீட்டில் என் மகன் நீச்சல் குளத்தில் விழுந்துவிட்டான். இறைவன் அருளால் பிழைத்தான். குளத்துக்குப் போகும் கேட்டின் தாழ்ப்பாள் அப்போது விழவில்லை. இப்போது சரி செய்திருக்கலாம். சேர்ப்பதற்கு முன்னால் தயவுசெய்து ஒருமுறை நேரில் பாருங்கள். யார் மீதும் எனக்குப் பகை இல்லை.'

கூடவே எனக்கும் ஒரு வரி இருந்தது. 'வாஞ்சி அண்ணா, அன்னைக்குக் கடையில பேசினதுக்கு மன்னிச்சிருங்க. இத மட்டும் அந்தப் பொண்ணுக்குக் காட்டுங்க.'

அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இரண்டாவது முறை படித்தேன். அந்த மன்னிப்பை இன்னும் ஒருமுறை படித்தேன். அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. இப்படி எழுதத் தெரிந்தவர் ஏன் முதலிலேயே இப்படி எழுதவில்லை? இத்தனை பேர் முன்னால் என்னை நிற்க வைத்து 'நீ மனுசனா' என்று கேட்டுவிட்டு, ஒரு வரி மன்னிப்பு அனுப்பினால் கதவைத் திறந்துவிட வேண்டுமா? அப்படித் திறந்தால் நாளைக்கு ஒவ்வொருவரும் கத்திவிட்டு வந்து நிற்பார்கள். கொஞ்ச நாள் காத்திருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். நிராகரிக்கும்போது தளம் காரணம் கேட்கும். 'தலைப்புக்குத் தொடர்பில்லாதது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். மோர் குடித்துவிட்டு மீட்டிங்குக்குப் போனேன்.

ஆகஸ்டில் ஆதிரை இறந்தாள். அதே குளம், அதே கேட். ஷ்யாமளா ஆன்ட்டி பால் காய்ச்சிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நீங்கள் அதையெல்லாம் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள்.

இறுதிச் சடங்கில் இஸ்ரத் ஓரமாக நின்றார். கத்தவில்லை. எழிலரசியிடம் போய் ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எழிலரசி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் பொண்ணு எழுதினது உங்களுக்கு வந்துச்சா?"

"வந்தது."

"படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிப்பேன். உனக்குத் தெரியுமே."

"படிச்சுட்டா பேசாம இருந்தீங்க? ஏங்க, படிச்சுட்டா?"

"எழில், உக்காந்து பேசுவோம். சத்தம் போட்டா எதுவும்..."

மேசையில் இருந்த டம்ளரை எடுத்து என் மேல் எறிந்தாள். நெற்றியில் இந்தத் தழும்பு அதுதான். ஐயோ, ஐயோ என்று அக்கம்பக்கம் கேட்கும்படி கத்தினாள். அமெரிக்காவில் இருந்த இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வான்மதி மாடிப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுப்பதில்லை. அவளிடம் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். யார் கேட்டாலும் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கேட்டை நான் பார்த்திருக்கிறேன். ஜைத் விழுவதற்கு முந்தைய வருடம், நவராத்திரி. ஷ்யாமளா ஆன்ட்டி வீட்டில் கொலு. பெண்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் பின்பக்கம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சும்மா அந்தக் கேட்டில் சாய்ந்தேன். திறந்துகொண்டது. தாழ்ப்பாளைப் போட்டேன், விழவில்லை. மறுபடி போட்டேன். குழந்தைகள் அங்கேதான் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பூந்தொட்டியை நகர்த்திக் கேட்டுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தாம்பூலம் வாங்கிக்கொண்டேன். அழைத்து உபசரித்த வீட்டில் இது சரியில்லை, அது சரியில்லை என்று குறை சொல்வது நாகரிகம் ஆகாது.

அடுத்த வாரமே வான்மதியை நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். என்ன திடீரென்று என எழிலரசி கேட்டாள். நல்ல உடற்பயிற்சி என்றேன்.

ஆகவே இஸ்ரத் எழுதிய முதல் வரியிலிருந்தே அது உண்மை என்று எனக்குத் தெரியும். பொய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதை இப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னேன். கடைசியில் அவர் சரியாகச் சொன்னபோது, சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. உங்கள் ரெக்கார்டரில் இது பதிவாகட்டும். ஆதிரையின் அம்மாவுக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில் இருந்தது நான் ஒருவன்தான்.

ஸ்ம்ருதி என்னைப் பார்க்க விரும்பினால் வரச் சொல்லுங்கள். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லக் காத்திருக்கிறேன். குழுவை இன்னும் நான்தான் நடத்துகிறேன். ஆதிரை இறந்த அன்று இரங்கல் செய்தியை நானே எழுதி வெளியிட்டேன். எப்படி நடந்தது, யார் பொறுப்பு என்று சிலர் எழுதி அனுப்பினார்கள். துக்க வீட்டில் அது முறையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள். அந்த இரங்கலின் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூட வரம்பு மீறவில்லை.